ஆணி அடிக்க விடுங்கள்: கேம் செய்யும் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் வேறு ஊர்களிலும் வீடியோ கேம் செய்துகொண்டிருக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், பத்திரிகை டிசைன் செய்து பிழைப்பு நடத்துகிறவன் நான். பகல் முழுக்க அறுபதாம் கல்யாண பேனருக்கும் காதுகுத்து பேனருக்கும் முகங்களை வெட்டி ஒட்டுவேன். கடையைச் சாத்திய பிறகு அதே கம்ப்யூட்டரில் பஸ் வரைவேன். போனில் ஓட்டுகிற கேமுக்கான பஸ். கேமை வாங்கியவர்களே அதில் வண்டி, ரோடு, சட்டை, சத்தம் என்று மாற்றிச் சேர்ப்பதை நீங்கள் மோட் என்பீர்கள். எங்கள் தெருவில் என்னை ‘பஸ் செய்யிற அண்ணன்’ என்பார்கள்.

உங்களில் ஒருவர் வெளியிட்ட பஸ் கேம்தான் இந்த மடலுக்குக் காரணம். பெயர் வேண்டாம். நம்ம ஊர் டோல்கேட், டீக்கடை, ரோட்டோரப் புளியமரம் என்று ஆசையாகத்தான் செய்திருந்தார்கள். ஆரம்பத்தில் பஸ்ஸின் படங்கள் தனி ஃபோல்டரில் இருந்தன. எடுத்தோம், எங்கள் ஊர் பஸ்ஸாக மாற்றிப் போட்டோம், பையன்கள் ஆசை ஆசையாக ஓட்டினார்கள். பிறகு வந்த ஓர் அப்டேட்டில் அந்த ஃபோல்டரையே பூட்டிவிட்டார்கள். ஏன் என்று எழுதிக் கேட்டதற்கு ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. குடிவந்தவன் சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தால் முகம் சுளிக்கிற ஹவுஸ் ஓனர் மாதிரி இருந்தது அந்தப் பதில். இத்தனைக்கும் நாங்கள் வாடகைக்கு வந்தவர்கள் இல்லை, காசு கொடுத்து வாங்கியவர்கள்.

அவர்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. அடுத்த கேமை இப்போது செய்துகொண்டிருக்கிற மற்றவர்களுக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊரை நீங்கள் செய்து தர வேண்டாம். உங்களுக்கு அது கட்டுப்படி ஆகாது, அதுவும் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு மேப் என்று ஒன்று போட்டால் சென்னை வரும், ஊட்டி வரும், பாம்பன் பாலம் கட்டாயம் வரும். காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்குப் போகிற டவுன் பஸ்ஸுக்காக எந்த நிறுவனம் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு உட்கார வைக்கும்? அந்த வேலையை எங்களிடம் விடுங்கள். கதவை மட்டும் பூட்டாதீர்கள்.

இந்தோனேசியாக்காரர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மலேயோ என்கிற நிறுவனம் 2017-இல் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கேமைப் போனுக்கு வெளியிட்டது. அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக, அவர்கள் ஊர் பஸ்ஸை வைத்துச் செய்த கேம். 2016-இல் அங்கே ஒரு கூத்து நடந்தது. ரோட்டோரம் நிற்கிற பிள்ளைகள் போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்து ‘ஓம் தெலோலெட் ஓம்’ என்று கத்துவார்கள். மாமா, அந்த மியூசிக் ஹார்னை அடிங்க மாமா என்று அர்த்தம். அந்த ஹார்னைக்கூட கேமில் வைத்தார்கள். அதோடு இரண்டு வசதிகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கு விருப்பப்பட்ட பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். பஸ்ஸையே சொந்தமாகச் செய்தும் கொண்டுவரலாம்.

அவ்வளவுதான், நம்ம ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். இந்தோனேசியாவிலும் வண்டி இடது பக்கம்தான் போகும், டிரைவர் வலது பக்கம் உட்காருவார். அதனால் நம்ம பஸ் அங்கே தைத்து வைத்ததுபோலப் பொருந்திவிட்டது. தமிழ்நாட்டு அரசு பஸ் வந்தது, விரைவுப் பேருந்து வந்தது, ஆம்னி வந்தது, கேரளத்து டூரிஸ்ட் பஸ் வந்தது. 2022-இல் கேரள அரசு டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் ஒரே வெள்ளை நிறத்தில்தான் ஓட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. விபத்துகளை நினைத்துச் சொன்னது, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் முழுக்கப் புலியும் கழுகும் சினிமா ஸ்டாரும் வரைந்து ஓடிய அந்தக் காலத்து வண்டிகளை இன்றைக்குப் பார்க்க வேண்டுமென்றால் போனைத்தான் எடுக்க வேண்டும். ஒரு காலத்து ரோடு அப்படியே ஓர் இந்தோனேசிய கேமுக்குள் இருக்கிறது. வைத்தவர்கள் ஸ்கூல் பையன்கள்.

மோட் என்றால் சும்மா கலர் அடிப்பது என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் எல்லாப் பக்கமும் ஒரே சதுரப் படத்தில் தட்டையாக விரிந்து கிடக்கும். அதில்தான் நம்பர் பிளேட்டில் டிஎன் 63 என் என்று போட வேண்டும், கும்பகோணம் கோட்டம் என்று எழுத வேண்டும், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ வர வேண்டும், ஜன்னலுக்கு மேலே ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ வர வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறள் பலகை. அந்தப் பலகைக்குக் கிடைக்கிற இடம் கட்டைவிரல் அகலம்தான். அதற்குள் ஏழு சீரும் வாசிக்கிற மாதிரி வர வேண்டும். எழுத்தைச் சின்னதாக்கினால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும், வள்ளுவர் வேறு ஏதோ சொல்லியிருப்பார். அதனால் படத்தைச் சின்னதாக்கிய பிறகு ஒவ்வொரு புள்ளியையும் திரும்ப ஒரு பிக்சல், ஒரு பிக்சலாகக் கையால் வைக்க வேண்டும். இதை எவன் பார்க்கப்போகிறான் என்று ஒரு பலகையில் நான் அலட்சியமாக விட்டதில்லை, ஏனென்றால் பார்க்கிறான். ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைக்குள் வந்து ‘அண்ணே, நீங்க மூணாவது ஜன்னல்ல கம்பியைத் தப்பா போட்டிருக்கீங்க’ என்று சொல்லிவிட்டுப் போவான்.

டவுன் பஸ்ஸுக்கு முகப்பில் பிங்க் அடித்தார்கள், மோடும் பிங்க் ஆனது. 2023-இல் பழைய பஸ்களுக்குப் புது பாடி கட்டி மஞ்சளாக விட்டார்கள், மோடும் மஞ்சளானது. உங்கள் ஆபீஸில் இதற்கு மீட்டிங் போட்டு, பட்ஜெட் ஒதுக்கி, ஆள் வைத்துச் செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (ஏர் ஹார்ன் விஷயத்தில் மட்டும் எங்களை மன்னியுங்கள். ரோட்டில் அடிக்கக் கூடாது, சரி. போனிலாவது அடித்துக்கொள்கிறோம்.)

வியாபாரமாகவே பேசுவோம். ‘மோடால எங்களுக்கு என்ன லாபம்’ என்று கேட்பீர்கள்.

பப்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எப்பப் பாரு பப்ஜி’ என்று எல்லா வீட்டிலும் திட்டு விழுந்த அந்த கேமின் பூர்வீகம் மோட்தான். செக் நாட்டு பொஹீமியா நிறுவனத்தின் ‘ஆர்மா 2’ ஒரு ராணுவ கேம். 2012-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த டீன் ஹால் அதன் மேல் ‘டேஇசட்’ என்ற மோடைச் செய்தார். அதன் மேல் அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன், கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை சண்டை என்கிற இன்னொரு மோடைச் செய்தார். அந்த கிரீனைத் தென் கொரியாவின் புளூஹோல் நிறுவனம் அழைத்து வேலை கொடுத்தது. 2017-இல் பப்ஜி பிறந்தது. பொஹீமியா மட்டும் ஃபைல்களைப் பூட்டி வைத்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. இந்திய அரசு 2020-இல் தடை செய்யவும் ஒன்றும் இருந்திருக்காது.

அதற்கு முன்னால் கவுன்டர் ஸ்ட்ரைக். காரைக்குடி பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே அதில்தான் வளர்ந்தது. ‘ஹாஃப் லைஃப்’ என்ற கேம் 1998-இல் வந்தது. மறு வருஷமே மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் அதன் மேல் கவுன்டர் ஸ்ட்ரைக்கை மோடாகப் போட்டார்கள். ஹாஃப் லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் கேஸ் போடவில்லை. அதை வாங்கி, இருவரையும் வேலைக்கு வைத்து, 2000-இல் தனி கேமாக விற்றது. நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற அந்த ‘டஸ்ட் 2’ மேப்பைச் செய்ததும் கம்பெனி ஆள் இல்லை. டேவ் ஜான்ஸ்டன் என்ற ஓர் ஆங்கிலேயப் பையன். கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் கேமில், கட்டைகளைத் தள்ளுகிற பிஸ்டனும் முதலில் ஒரு ரசிகரின் மோட். 2011-இல் மைன்கிராஃப்டைச் செய்த மோஜாங் நிறுவனம் அதைத் தன் கேமிலேயே சேர்த்துக்கொண்டது.

ஆனால் நம் ஆட்களுக்குப் புரிகிற சாட்சி வேறு. இஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’. 2006 கடைசியில் வந்த கேம். அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு அவர்கள் கிரிக்கெட் கேமே போடவில்லை. ஐபிஎல் தொடங்கியது 2008-இல். அப்படியென்றால் அந்த கேமில் சிஎஸ்கே என்று ஓர் அணி இருக்க வழியே இல்லை. ஆனால் காரைக்குடியில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், மஞ்சள் ஜெர்சி போட்டுத்தான் ஆடியிருப்பார்கள். ஜெர்சி, பேட்டின் ஸ்டிக்கர், பவுண்டரி போர்டு, ஸ்டேடியம், பிளேயர் முகம் எல்லாமே யார் யாரோ உட்கார்ந்து செய்து, பென் டிரைவில் ஊர் ஊராகப் போனவை. ஒவ்வொரு வருஷ ஏலம் முடிந்ததும் புது பேட்ச் வந்துவிடும். கமென்ட்ரியில் பழைய ஆஸ்திரேலிய கேப்டன் ரிச்சி பெனோ இருப்பார். அவர் 2015-இல் காலமாகிவிட்டார். அவர் ஆடிப் பார்த்தேயிராத பையன்களுக்கு இன்றைக்கும் அந்தக் குரல் பதறாமல் ‘நல்ல ஷாட்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. செய்த கம்பெனி மறந்துபோன கேமை ஆடுகிறவர்கள் இத்தனை வருஷம் இழுத்து வந்திருக்கிறார்கள். உங்கள் கேமின் ஆயுசு எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பிளே ஸ்டோரில் வந்த வேகத்தில் காணாமல் போகிறவைதான் அதிகம். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவற்றில் சிலதை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இனி எங்கள் ஊர் வீடுகள். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கடைக்கு பிளஸ் டூ படிக்கிற இரண்டு பையன்கள் வருவார்கள், மைன்கிராஃப்ட் பைத்தியங்கள். ஒரு செட்டிநாட்டு வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டுவரை அதில் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். அறுபதாம் கல்யாண பேனர் வேலையாக நான் அடிக்கடி போய்வருகிற வீடு ஒன்று உண்டு. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். அங்கே அழைத்துப் போனேன். வீட்டு ஆச்சி முதலில் சம்மதிக்கவில்லை. ‘ஏந்தம்பி, வீட்டைப் படம் புடிச்சு உள்ள போட்டா, எந்த ரூம் எங்க இருக்குன்னு திருடனுக்கு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆகாதா?’ என்றார். நியாயமான கேள்வி. பெட்டகம் இருக்கிற அறையை மட்டும் கட்ட மாட்டோம், வாசலில் இருக்கிற இனிஷியலை மாற்றிவிடுவோம் என்று பையன்கள் வாக்குக் கொடுத்த பிறகு காப்பி வந்தது.

முகப்பும், நடுமுற்றமான வளவும் சுலபமாக வந்துவிட்டன. மாட்டிக்கொண்டது தரையில். ஆத்தங்குடி டைல்ஸ் எட்டு அங்குலம். மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். அப்படியென்றால் ஒரு கட்டையின் முகத்தில் கிட்டத்தட்ட ஐந்துக்கு ஐந்து டைல்ஸ் அடங்க வேண்டும். கேமின் வழக்கமான படத்தில் ஒரு முகத்துக்கு 16 பிக்சல்தான். ஒரு டைலுக்கு மூன்று பிக்சல். அதில் பூ எங்கே வரைவது? பெரிய படமாகப் போட்டுப் பூவைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பார்க்க ஏதோ பாத்ரூம் டைல்ஸ் மாதிரிதான் இருந்தது. என்ன குறை என்று ஆத்தங்குடிக்கே போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் ஓரத்தில் சாயம் ஒரு நூல் அங்கே இங்கே ஓடும். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம் பளபளக்கும். கையால் ஊற்றுவதால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. பையன்கள் வேறு வேறு டைல்ஸை நாலைந்து படம் எடுத்து வந்து, கேம் தானாகவே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற மாதிரி எழுதினார்கள். மைன்கிராஃப்ட் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரே கட்டைக்குப் பல படங்களைச் சொல்லி வைக்கலாம். அன்றைக்குத்தான் அது வளவின் தரை ஆனது.

அப்புறம் அதே வீட்டைப் போனில் ஓடுகிற வேறொரு கேமுக்கு மாற்றப் பார்த்தோம். போன் அனலாய்ச் சுட்டது. காரணம் வீடுதான். எங்கள் வீடுகளில் வாசல் நிலையில் நின்றால் கதவுக்கு நேர் கதவாகப் பின் தெருவரை தெரியும். சுவர் மறைக்கிற இடத்தைக் கணக்கில் எடுத்து, மறைந்ததை வரையாமல் விடுவதுதான் கேமை ஓட்டுகிற மென்பொருளான எஞ்சினின் பிழைப்பு. இங்கே எதுவுமே மறையவில்லை, பாவம் என்ன செய்யும்? இரண்டாம் கட்டுக் கதவைச் சாத்தி வைத்தோம், ஓடியது. இந்தக் கதையை எந்த டியூட்டோரியலிலும் படிக்க முடியாது. நாளைக்கு அந்தப் பையன்களில் ஒருவன் உங்கள் ஆபீஸ் வாசலில் வேலை கேட்டு நிற்பான். அவன் டிகிரியைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். இன்னொரு பக்கம், பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமலோ பராமரிக்க முடியாமலோ வீடுகள் இடிபடுவதும் நிற்கவில்லை. பர்மா தேக்குத் தூணும் நிலையும் எங்கே வந்து சேருகின்றன என்று பார்க்க முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் ஒரு நடை நடந்தால் போதும். மோட் செய்து வீட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது வேறு ஆட்கள் வேலை. ஆனால் வளவில் நின்று மேலே பார்த்தால் வானம் எவ்வளவு தெரியும் என்பதை அளந்து எழுதி வைத்தது ஒரு கேமுக்காகத்தான். வேறு யாரும் அந்தப் பையன்களை டேப் எடுத்துக்கொண்டு அங்கே போகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் செய்கிற உங்கள் கேம்களில் தமிழ் எங்கே? மெனு இங்கிலீஷ், பட்டன் இங்கிலீஷ், டீக்கடை போர்டு மட்டும் தமிழ், அதுவும் படமாக. காரணம் எனக்கும் தெரியும். நீங்கள் பயன்படுத்துகிற எஞ்சின்களில் எழுத்தைக் காட்டுகிற கருவி பலவற்றுக்குத் தமிழ் சரியாக வராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். அது பின்னால் போய் உட்காரும். ‘கெ’ என்று அடித்தால் ‘க’ வந்து, அதற்குப் பின்னால் கொம்பு அநாதையாய் நிற்கும். அதைச் சரிசெய்ய நேரமில்லை என்று நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். விடுங்கள், பரவாயில்லை. வசனங்களையும் பட்டன் பெயர்களையும் கோடுக்குள் புதைக்காமல் தனி ஃபைலில் வையுங்கள், ஃபான்ட்டை மாற்ற வழி வையுங்கள். கொம்பை நாங்கள் முன்னால் இழுத்து வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் பயங்களில் சில நியாயமானவை. ‘மோட்’ என்று போனில் தேடினால் முதலில் வருவது எல்லாவற்றையும் ஓசியில் திறந்துவிட்ட ஏபிகே, அதாவது போனில் நேராக ஏற்றுகிற ஆப் ஃபைல். அது திருட்டு. அதில் வைரஸும் சேர்ந்து வரும். அதை நீங்கள் பிடித்து உதைத்தால் நானே வந்து ஒரு கை கொடுப்பேன். அதேபோல, பத்துப் பேர் சேர்ந்து போட்டி போடுகிற கேமில் ஒருத்தன் மட்டும் சுவருக்குப் பின்னால் பார்க்கிற மோட் போட்டால் மற்ற ஒன்பது பேர் கேமை டெலிட் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே பூட்டுங்கள், நல்லா பூட்டுங்கள். ஆனால் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து மானாமதுரை ரோட்டில் பஸ் ஓட்டுகிறான். அவன் பஸ்ஸின் கலர் மாறினால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போடுவதுதான் புரியவில்லை.

எங்கள் பக்கமும் அழுக்கு உண்டு. ஒருத்தன் ராத்திரி ராத்திரியாகச் செய்த மாடலை இன்னொருத்தன் பெயர் மாற்றிப் போடுவான். இதற்குப் பயந்து ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டு, ஜிபேயில் ஐம்பது ரூபாய் அனுப்பினால்தான் பாஸ்வேர்டு என்று வைப்பார்கள். வாங்கியவன் அந்த பாஸ்வேர்டை ஊருக்கே சொல்லிவிடுவான். வேறு கேமிலிருந்து உருவி எடுத்த வண்டியைத் தான் செய்ததாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மோட் போட ஒழுங்கான ஓர் இடத்தை நீங்களே உங்கள் கேமுக்குள் வைத்து, செய்தவன் பெயரோடு போடச் சொன்னால் இதில் பாதி குறையும். பணம் வேண்டுமா, எவ்வளவு என்பது சிக்கலான கணக்கு. 2015 ஏப்ரலில் வால்வும், ‘ஸ்கைரிம்’ என்ற கேமைச் செய்த பெதஸ்டாவும் அந்த கேமின் மோட்களைக் காசுக்கு விற்கலாம் என்று ஆரம்பித்தார்கள். செய்தவனுக்குக் கால் பங்குதான், மீதி அவர்களுக்கு. ஆடுகிறவர்கள் கொதித்துப் போய், சில நாட்களிலேயே அந்தத் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் பணத்தை அப்புறம் பார்க்கலாம். உரிமையை முதலில் தெளிவாக எழுதுங்கள்.

ஏனென்றால் 2020-இல் ‘வார்கிராஃப்ட் 3’-ஐப் புதுப்பித்து வெளியிட்டபோது, அதில் ரசிகர்கள் செய்கிற கேம் எல்லாம் தனக்கே சொந்தம் என்று அதைச் செய்த பிளிசார்ட் நிறுவனம் விதி எழுதியது. அந்தப் பழைய கேமில் ரசிகர்கள் செய்த ‘டோட்டா’ கடைசியில் வால்வ் கைக்குப் போய்ப் பெரிய கேமாகிவிட்ட கடுப்பு அது. இப்படி எழுதி வைத்தால் எவன் நல்ல சரக்கை அங்கே கொண்டுவந்து இறக்குவான்? உங்கள் கேமின் ஃபைல் உங்களுடையது. நான் வரைந்த பஸ் என்னுடையது. உங்கள் விளம்பரத்தில் அதைப் போட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள். இரண்டு பாரா போதும். வக்கீல் பாஷை வேண்டாம்.

அப்டேட் விடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், பழைய வெர்ஷனையும் கொஞ்ச காலம் வைத்திருங்கள். 2024-இல் ‘ஃபால்அவுட் 4’ கேமுக்கான ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்ற மோடை ஏப்ரலில் வெளியிட நாள் குறித்திருந்தார்கள், ஒரு முழு கேம் அளவுக்கு வருஷக்கணக்கில் செய்த வேலை. அதே வாரம் ‘ஃபால்அவுட் 4’-க்குக் கம்பெனி ஒரு பெரிய அப்டேட் விட்டது. மோட் தள்ளிப்போய் ஜூலை கடைசியில்தான் வந்தது. அத்தனை பெரிய குழுவுக்கே அந்தக் கதி என்றால், டியூஷன் முடிந்து வந்து ஒன்பது மணிக்கு மேல் அப்பா போனில் வேலை பார்க்கிற பையன் என்ன ஆவான்? எங்களில் பலரிடம் கம்ப்யூட்டரே கிடையாது. வண்டி மாடல் செய்கிற பிளெண்டர் மென்பொருளை என் கடையில் வந்து ஓட்டிவிட்டுப் போகிறார்கள்.

எந்தப் படம் எந்த ஃபோல்டரில் போக வேண்டும், எந்த அளவில், மாடலின் உருவத்தை ஆக்குகிற முக்கோணங்கள் எத்தனையைத் தாண்டினால் போன் திணறும் என்பதை நாலு பக்கம் எழுதி கேமோடு வையுங்கள். இப்போது இதையெல்லாம் நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடிக்கிறோம். நீங்கள் இங்கிலீஷில் எழுதினாலும் போதும், தமிழில் நாங்கள் மாற்றித் தருகிறோம். அதற்குக் காசு கேட்க மாட்டோம், கிரெடிட்ஸில் பெயர் போடுங்கள். காசும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பஸ் செய்கிற அண்ணன்,
காரைக்குடி.